பெருஞ்சாதி நாய்க்குட்டிக்கு ஏற்ற கூடு

வளவையும் விளைபொருளையும் காக்கும் பொருட்டுக் கமக்காரர் பலர் நாய் வளர்க்கின்றனர். அவருட் சிலர் கிரேற் டேன், சென் பேர்ணாட், மாஸ்ரிவ் முதலிய பெருஞ்சாதிகளின் குட்டிகளை விரும்பி வாங்குகின்றனர். நன்கு வளர்ந்த ஆண் கிரேற் டேன் தோளளவில் 80 சென்ரிமீற்றர் உயரமும் அதற்கு மேலும் வளரும். அதன் நிறை 60 கிலோகிராமுக்கு மேற்படும். இவ்வளவு பெரிய நாய் வீட்டினுள்ளும் கிணற்றடியிலும் மரக்கறிப் பாத்தியிலும் மலசலங் கழிக்கப் பழகிவிடுமாயின், பின்னர் அப்பழக்கத்தை மாற்றுதல் மிகக் கடினம். 2 மாதக் குட்டியைக் கையில் தூக்கி வெளியே கொண்டு செல்லலாம். 60 கிலோகிராம் நிறையுள்ள நாயை அவ்வாறு கொண்டு செல்ல இயலாது. ஆகையால் நல்ல பழக்கத்தைக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே தொடங்குதல் வேண்டும். இதற்குப் பெருந்துணையாக அமைவது தக்க முறையிற் செய்த கூடு ஆகும்.

இது வீட்டின் துப்புரவை மட்டும் பற்றிய காரியமன்று. நாய்க்குட்டியின் மலத்தோடு வெளியேறும் புழு முட்டைகள் மண்ணிற் கலந்து, பச்சையாக உண்ணும் மரக்கறியிலும் பிள்ளைகளின் கைகளிலும் ஒட்டி, மனிதருக்கு நோயை உண்டாக்குகின்றன. ஆகவே, குட்டி எங்கே மலங் கழிக்கின்றது என்பது தோட்டஞ் செய்வோர் அனைவரும் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

கூடு பயன்படும் விதம்

நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய 3 வாரமானதும், தான் படுக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று மலசலங் கழிக்கத் தொடங்கும். படுக்கையைத் துப்புரவாக வைத்திருத்தல் அதன் இயல்பு. இவ்வியல்பையே பயிற்சிக்குப் பயன்படுத்துகின்றோம். குட்டி படுத்து உறங்குவதற்கு மட்டும் போதிய இடமுள்ள கூட்டில் அதனை விட்டால், இயன்றவரை அது அடக்கிக்கொண்டிருக்கும். உரிய நேரத்தில் வெளியே எடுத்து, குறித்த ஓரிடத்தில் விட்டால் அங்கே கழிக்கும். நாள்தோறும் இவ்வாறு நிகழ, அவ்விடமே அதற்கு உரிய இடமாகப் பழகிவிடும்.

ஆயின், அழுக்கு நிறைந்த ஒடுங்கிய அடைப்பில் வளர்க்கப்பட்ட குட்டியிடம் இவ்வியல்பு கெட்டுப்போயிருக்கும். தன் கழிவின் மீதே படுத்துப் பழகிய குட்டியைத் திருத்துவதற்கு நெடுநாட் செல்லும். ஆகவே குட்டியை விலைக்கு வாங்கும்போது, தாயும் குட்டிகளும் இருக்கும் இடத்தை நேரிற் பார்த்தல் நன்று. அவ்விடம் துப்புரவாக இராவிடின் வேறிடத்தில் வாங்குதல் தகும்.

கூட்டின் பருமன்

பெருஞ்சாதிக் குட்டியைப் பொறுத்தவரையில் இடர்ப்பாடு தோன்றுவது இங்கேதான். 2 மாத வயதில் 7 முதல் 11 கிலோகிராம் வரை நிறையுள்ள கிரேற் டேன் குட்டி, 6 மாதத்தில் 30 முதல் 45 கிலோகிராம் வரை வளர்ந்துவிடும். இன்று பொருந்தும் கூடு சில வாரங்களிற் போதாமற் போகும். இதனை எண்ணித் தொடக்கத்திலேயே பெரிய கூட்டைச் செய்து, குட்டியை அதனுள் விட்டால், குட்டி ஒரு மூலையிற் படுத்து மறு மூலையில் மலங் கழிக்கும். பயிற்சி முழுவதும் பயனற்றுப் போகும். வளர வளரப் புதிய கூடு செய்வதோ வீண் செலவாகும்.

இதற்குத் தக்க வழி, வளர்ந்த நாய்க்கு ஏற்ற கூட்டை ஒருமுறை செய்து, அதனுள்ளே இடம் மாற்றத்தக்க ஓர் இடைத்தட்டியை அமைத்தலாகும். கூடு நாளைய நாய்க்கும், தட்டிக்கு முன்னுள்ள இடம் இன்றைய குட்டிக்கும் அளவாக இருக்கும்.

குட்டி எவ்வளவு வளரும் என்பதை மதிப்பிட, அதன் தாயையும் இயலுமாயின் தந்தையையும் அளந்துகொள்ள வேண்டும். அளக்கும் முறை வருமாறு:

1. நீளம்: நாய் நிற்கும்போது மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அத்துடன் 6 அங்குலம் கூட்டுக.

2. உயரம்: நாய் உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் நிலத்திலிருந்து உச்சந்தலை வரை அளந்து, கூடிய அளவுடன் 3 அல்லது 4 அங்குலம் கூட்டுக.

3. அகலம்: நாய் உடலை நெருக்காமல் திரும்பவும், பக்கமாகச் சரிந்து கால்களை நீட்டிப் படுக்கவும் இடமிருத்தல் வேண்டும்.

கிரேற் டேன் சாதிக்கு ஏறக்குறைய 4½ அடி நீளமும் 3 அடி அகலமும் 3¾ அடி உயரமும் உள்ள கூடு தேவைப்படும். கடைகளிற் பெரிய கூடு என விற்கப்படும் 4 அடி நீளமுள்ள கூடு, வளர்ந்த ஆண் நாய்க்குப் போதாது. விலை கொடுக்குமுன் அளவுகோல் கொண்டு உட்புறத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இடைத்தட்டி

கூட்டின் இரு நீண்ட பக்கங்களிலும், உட்புறமாக, ஒவ்வோர் அரையடி தூரத்துக்கும் இரண்டு மெல்லிய சட்டங்களை அடித்து, அவற்றிடையே தட்டி இறங்கத்தக்க தவாளிப்பு விடுக. கதவுப் பக்கத்திலிருந்து 2 அடி தூரத்தில் முதலாவது தவாளிப்பு அமைதல் போதும். கூட்டின் அகலம் 3 அடியாகையால், சிறு குட்டி குறுக்காகப் படுத்துக்கொள்ளும். பின்னர் 2½, 3, 3½, 4 அடி என்றவாறு தட்டியைப் பின்னே நகர்த்தி, ஈற்றில் அகற்றிவிடலாம்.

தட்டி தரையிலிருந்து கூரைவரை எட்டுதல் வேண்டும். கீழே இடைவெளி இருப்பின் குட்டி தலையை நுழைத்து அகப்பட்டுக்கொள்ளும். மேலே இடைவெளி இருப்பின் ஏறிக் குதிக்கும். தட்டி ஆடாதபடி ஆப்பு வைத்து இறுக்குக.

வாரத்துக்கு ஒருமுறை குட்டி உறங்கும்போது பார்க்க வேண்டும். கால்களை நீட்டும்போது பாதங்கள் தட்டியில் முட்டினாலும், எழுந்து திரும்பும்போது உடல் வளைந்து நெருங்கினாலும் தட்டியை ஒரு படி பின்னே நகர்த்துக. நகர்த்திய பின் குட்டி கூட்டினுள் மலசலங் கழிக்கத் தொடங்கினால், இடம் மிகுந்துவிட்டது என்பது பொருள். தட்டியை மீண்டும் முன்னைய தவாளிப்பில் வைத்து, ஒரு வாரஞ் சென்றபின் நகர்த்திப் பார்க்கலாம். எனினும் குட்டியை நெருக்கி அடைத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

எதனாற் செய்வது

மரக்கூடு: ஊர்த் தச்சரைக் கொண்டு குறைந்த செலவிற் செய்விக்கலாம். பலகைகளைச் சீவி, சிலாம்பு இல்லாதபடி தேய்த்தல் வேண்டும். மரம் சலத்தை உறிஞ்சி மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல் முளைக்கும் காலத்திற் குட்டி விளிம்புகளைக் கடிக்கும். இவை மரக்கூட்டின் குறைகள். விளிம்புகளுக்குத் தகரம் அடிக்க நேரின், அதன் ஓரங்களை மடித்து அடித்தல் வேண்டும்.

இரும்புக் கூடு: இரும்பு ஒட்டும் பட்டறைகளிற் செய்விக்கலாம். காற்றோட்டம் மிகுதி, கழுவுதல் எளிது, நெடுங்காலம் உழைக்கும். பெருஞ்சாதி நாயின் பலத்துக்கு இதுவே ஏற்றது. கம்பிகளுக்கிடையே 1½ அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. குட்டியின் தாடையும் பாதமும் இடைவெளியில் அகப்படுதல் உண்டு. ஒட்டிய இடங்களிற் கூர்மை இல்லாதபடி அராவி விடுக.

பிளாஸ்ரிக் கூடு: பாரங் குறைந்தது, கழுவ எளிது. ஆயின் காற்றோட்டங் குறைவு. வெப்பமான பகுதிகளுக்கு உகந்ததன்று. பெருஞ்சாதிக்கு வேண்டிய பருமனிற் கிடைப்பதும் அரிது.

எக்கூடாயினும் தரை வெறுங் கம்பிவலையாக இருத்தலாகாது. பெருஞ்சாதிக் குட்டியின் எலும்பும் மூட்டும் விரைந்து வளர்வன. கால் வழுக்கும் தரையும் பாதம் புதையும் வலையும் அவற்றுக்குக் கேடு செய்யும். பலகைத் தரை அமைத்து, நிலத்திலிருந்து 3 அல்லது 4 அங்குலம் உயர்த்தி வைத்தால் ஈரம் ஏறாது. கதவுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் இடுதல் வேண்டும்.

உயிருக்கு இடர் தருவன

வெப்பம்: நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதன்று, இளைத்து மூச்சு விடுவதனாலேயே பெரும்பாலும் உடலின் வெப்பத்தைத் தணிக்கின்றது. காற்றோட்டமற்ற பலகைப் பெட்டியில், தகரக் கூரையின் கீழ், நண்பகலில் அடைக்கப்பட்ட குட்டி குறுகிய நேரத்தில் இறந்துவிடக் கூடும். பெரிய உடலுடைய நாய்கள் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. சுவிற்சலாந்தின் குளிர்ந்த மலைப்பகுதிக்குரிய சென் பேர்ணாட் சாதி, தடித்த உரோமமுடையதாகையால், எமது உலர்வலய வெப்பத்திற் பெரிதும் வருந்தும். கூட்டின் நான்கு பக்கங்களிலும் காற்று நுழைதல் வேண்டும். கூட்டை மரநிழல் படும் விறாந்தையில், வெயிலும் மழைச்சாரலும் படாத பக்கத்தில் வைத்தல் நன்று. குடிநீர்ப் பாத்திரத்தைக் கவிழாதபடி கூட்டின் பக்கத்திற் பொருத்தி வைக்க வேண்டும். சலங் கழித்தலைக் குறைக்கலாமென்று எண்ணித் தண்ணீரை மறுத்தல் பெருந்தவறு.

விவசாய இரசாயனங்கள்: பீடைநாசினிகள் வந்த பெட்டிகளின் பலகையைக் கூடு செய்யப் பயன்படுத்தலாகாது. உரப் பைகளையும் படுக்கையாக இடலாகாது. குட்டி எதனையும் கடித்து நக்கும் இயல்புடையது. நெல் அல்லது அரிசி வந்த, துவைத்து உலர்த்திய சாக்கும் பழஞ் சாரமும் படுக்கைக்குப் போதும். படுக்கையைக் கிழித்து விழுங்கும் குட்டிக்கு வெறும் பலகையே நன்று. தெளிகருவிகளும் எலி மருந்தும் வைக்கும் அறையிற் கூட்டை வைத்தல் கூடாது.

கழுத்துப்பட்டி: கூட்டில் விடும்போது கழுத்துப்பட்டியையும் சங்கிலியையும் கழற்றிவிடுக. அவை கம்பியிற் சிக்கிக் குட்டியின் கழுத்தை நெரிக்கக்கூடும்.

பழக்கும் முறை

முதல் இரண்டு மூன்று நாட்களும் கூட்டின் கதவைத் திறந்தே வைத்து, உணவை உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். குட்டி தானாகவே உள்ளே சென்று படுக்கத் தொடங்கிய பின், சில நிமிடங்கள் கதவைச் சாத்தி, வீட்டார் அருகிலிருந்து, பின்னர் திறந்துவிடுக. நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கூடு குட்டிக்கு உறங்கும் இடமாக இருத்தல் வேண்டும். தவறு செய்தபோது தண்டனையாக அதனுள் அடைத்தால், பின்னர் அது கூட்டை வெறுக்கும்.

பகலில் தொடர்ந்து கூட்டில் விடக்கூடிய நேரத்தின் எல்லை ஏறக்குறைய வருமாறு:

2 மாதக் குட்டி: 2 மணி நேரம்
3 மாதக் குட்டி: 3 மணி நேரம்
4 மாதமும் அதற்கு மேலும்: 4 மணி நேரம்

பெருஞ்சாதிக் குட்டி 4 மாதத்தில் ஊர்நாய் ஒன்றின் பருமனை அடைந்துவிடுவதால், அது வளர்ந்த நாய் போல அடக்கிக்கொள்ளும் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. உடல் பெரிதாயினும் வயது சிறிதே. மலசலத்தை அடக்கும் ஆற்றல் 4 முதல் 6 மாதமளவிலேயே நன்கு அமைகின்றது. வீட்டினுட் கழித்துவிட்ட குட்டியை அடித்தலும், மூக்கைக் கழிவில் தேய்த்தலும் பயனற்றவை. அவ்வாறு செய்தால் குட்டி, வீட்டார் காணாத மூலைகளில் ஒளித்துக் கழிக்கப் பழகும்.

நாளொழுங்கு கீழ்க்கண்டவாறு அமையலாம். அதிகாலை 5 மணிக்குக் கூட்டைத் திறந்ததும் குட்டியை நேரே குறித்த இடத்துக்குக் கொண்டு செல்க. அங்கே கழித்தவுடன் அன்பாகத் தடவிக்கொடுத்து, ஒரு சிறு உணவுத் துண்டு கொடுக்கலாம். 6 மணிக்கு உணவு; உண்டு கால்மணி முதல் அரைமணி நேரத்துள் மீண்டும் வெளியே கொண்டு செல்க. உறங்கி எழுந்தவுடனும், விளையாடி முடிந்தவுடனும், இரவு படுக்குமுன்னும் இவ்வாறே செய்தல் வேண்டும். உணவை நாள்தோறும் ஒரே நேரங்களிற் கொடுத்தால் கழிவும் ஒழுங்காகும். 2 மாதக் குட்டியை இரவில் ஒன்று அல்லது இரண்டு முறை வெளியே கொண்டு செல்ல நேரிடும். ஆகையால் அதன் முனகல் வீட்டாருக்குக் கேட்கத்தக்க இடத்திற் கூடு இருத்தல் வேண்டும். இரவில் வெளியே கொண்டு சென்றால், விளையாட்டுக் காட்டாது கழித்தவுடன் கூட்டில் விடுக.

தவறி வீட்டினுட் கழித்த இடத்தைச் சவர்க்கார நீராற் கழுவி, வினாகிரி கலந்த நீரால் துடைத்து உலர்த்துக. அமோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்தலாகாது. அம்மணம் சலத்தின் மணத்தை ஒத்திருப்பதால் குட்டி மீண்டும் அவ்விடத்தையே நாடும்.

வயல் வேலைக் காலம்

விதைப்பு, நாற்று நடுகை, அரிவு வெட்டு ஆகிய காலங்களில் வீட்டார் அனைவரும் நாள் முழுவதும் வயலில் நிற்க நேரிடும். அத்தகைய நாட்களிற் குட்டியைக் காலைமுதல் மாலைவரை கூட்டில் அடைத்தல் கொடுமையாகும், பயிற்சியும் கெடும். அதற்குப் பதிலாக நிழலுள்ள இடத்தில் 12 அடிக்கு 10 அடி அளவில் வேலியடைத்த ஒரு பட்டி அமைக்கலாம். கூட்டைக் கதவு திறந்தபடி பட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, கழிக்கும் இடத்தை மறுபக்கத்தில் ஒதுக்குக. நண்பகலில் ஒருவர் வந்து உணவும் நீரும் கொடுத்தல் வேண்டும். இயலுமாயின், பெரும்போக விதைப்பு நெருங்கும் நாட்களிற் குட்டியை வாங்காது, வேலை ஓய்ந்து வீட்டில் ஆள் இருக்கும் காலத்தில் வாங்குதல் மிக நன்று.

கழிக்கும் இடமும் புழுக்களும்

வட்டப்புழு பெரும்பாலான குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலேயே தொற்றிவிடுகின்றது. குட்டிப் பருவத்திலேதான் மலத்தில் இதன் முட்டைகள் மிகுதியாக வெளிப்படும். புதிய மலத்திலுள்ள முட்டை உடனே தொற்றுவதில்லை. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடையும். அதன் பின் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மண்ணில் அழியாது இருக்கும். இம்முட்டைகளை விழுங்கிய பிள்ளைகளின் ஈரலிலும் நுரையீரலிலும் கண்ணிலும் புழுவின் குடம்பிகள் சென்று தங்கக்கூடும்; பார்வை கெடுதலும் உண்டு.

கொளுக்கிப்புழுவின் குடம்பி ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் ஒரு வாரமளவில் விருத்தியாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. இவ்வகைப் புழுக்களுள் ஒன்று இலங்கையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர், இலங்கையைச் சேர்ந்த புனுகுப்பூனையிலிருந்து பெற்ற புழுவை விவரித்து, அதற்குச் சிலோனிக்கம் என்னும் இனப்பெயரை இட்டார். இப்புழு நாய், பூனை ஆகியவற்றின் குடலிலும் மனிதரின் குடலிலும் வாழ வல்லது. நீர் பாய்ச்சிய பாத்தியில் வெறுங்காலுடன் நிற்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆகையால், கழிக்கும் இடத்தைக் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில், மரக்கறிப் பாத்திக்கும் வாய்க்காலுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் அப்பால், மழைநீர் பாத்திகளை நோக்கி ஓடாத பக்கத்தில் தெரிந்தெடுக்க வேண்டும். தடுப்பூசிகள் முற்றாக ஏற்றப்படும் வரை, தெருநாய்கள் திரியும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டு செல்லலாகாது. வளவினுள்ளேயே இடம் ஒதுக்குக. மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் எடுத்து ஆழமான குழியில் இட்டு மண்ணால் மூடினால், முட்டையும் குடம்பியும் தொற்றும் நிலையை அடையுமுன் அகற்றப்பட்டுவிடும். நாயின் மலத்தை மரக்கறிக்கு இடும் கூட்டெருவிற் சேர்த்தல் கூடாது.

புழு மருந்து பொதுவாக 2 வார வயதில் தொடங்கி, பால் மறக்கும் வரை 2 வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் 6 மாதம் வரை மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கப்படுகின்றது. மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது. பெருஞ்சாதிக் குட்டியின் நிறை மிக விரைவிற் கூடுவதால், ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. சென்ற மாத அளவு இம்மாதத்துக்குப் போதாது.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

1. கூட்டை வளர்ந்த நாயின் அளவுக்குச் செய்க. இடைத்தட்டியைக் குட்டியின் அளவுக்கு வைக்க.
2. நான்கு பக்கமும் காற்றோட்டம், நிழல், குடிநீர் ஆகிய மூன்றும் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.
3. பீடைநாசினிப் பெட்டியும் உரப் பையும் கூட்டுக்கு ஆகா.
4. பகலில் 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அடைத்தலாகாது.
5. மலத்தை நாள்தோறும் அகற்றிப் புதைக்க வேண்டும்.
6. விசர்நாய்த் தடுப்பூசியை உரிய வயதில் ஏற்றி, ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவிக்க வேண்டும்.

நன்கு பழகிய குட்டி திடீரெனக் கூட்டினுட் கழிக்கத் தொடங்கினாலோ, அடிக்கடி சிறிது சிறிதாகச் சலம் விட்டாலோ, மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ அது நோயின் அறிகுறியாகும். பயிற்சியை இறுக்காது உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். புழு மருந்து, தடுப்பூசி ஆகியன பற்றிய விபரங்களை அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டு அறிந்துகொள்ளலாம்.